ஒரே அவுரி நீலத் துணிக்கட்டில் மூன்று குவில்ட்: துணி நனைப்பது முதல் ஓரப்பட்டி வரை

முதல் தடவை பன்னிரண்டு நீலத் துணிகளை ஆசை ஆசையாக வாங்கி வந்து, அன்று ராத்திரியே எல்லாவற்றையும் 5 இஞ்ச் சதுரமாக வெட்டி அடுக்கிவிட்டேன். அதிலிருந்து மூன்று குவில்ட் தைத்தேன். மூன்றையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்த அக்கா, "ஒரே போர்வையை எதுக்குடி மூணு அளவுல தைச்சிருக்க?" என்று கேட்டாள். துணி குறை இல்லை, தையலும் குறை இல்லை. எல்லாத் துணியும் ஒரே அளவுத் துண்டாகி, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கலந்துபோனதுதான் காரணம்.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி இது. ஒரு கையகலப் பூ அச்சிட்ட துணியை 6½ இஞ்ச் சதுரமாக வெட்டினால் அது பூவாகவே இருக்கும். 5 இஞ்ச் சதுரத்தை மூலைக்கு மூலை பிளந்தால் பாதிப் பூ, அதாவது ஒரு அசைவு மட்டும் தெரியும். 2½ இஞ்ச் பட்டையாக்கினால் பூ போய்விடும், நிறம்தான் மிஞ்சும். ஆக, ஒரே துணி மூன்று அளவில் மூன்று வேலை செய்யும். அதோடு ஒவ்வொரு குவில்ட்டுக்கும் பக்கத்துணையாக வரும் பிளெயின் துணியையும் மாற்றிவிட்டால், ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் போல முகச்சாயல் ஒன்றாக இருக்கும், குணம் வேறு வேறாக இருக்கும்.

குவில்ட் புதிதாகத் தைப்பவர்களுக்கு ஒரு வரி: மேலே ஒட்டுப்போட்ட மேல்துணி, நடுவில் பஞ்சோ பிளானலோ, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்துத் தைத்து, சுற்றி ஓரப்பட்டி போட்டால் குவில்ட்.

என்ன துணி, எவ்வளவு

நான் எடுத்துக்கொள்வது ஜெய்ப்பூர் பக்கத்து பக்ரு ஊரின் தாபு அச்சுத் துணி. களிமண், சுண்ணாம்பு, பிசின், பூச்சி அரித்த கோதுமைத் தூள் எல்லாம் சேர்த்துக் குழைத்த சேற்றை மர அச்சில் தோய்த்துத் துணியில் பதிப்பார்கள். மேலே மரத்தூளைத் தூவிக் காயவைத்து, அவுரிச் சாயத் தொட்டியில் முக்குவார்கள். சேறு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஒரு முக்கில் வெளிர்நீலம் வரும். திரும்பத் திரும்ப முக்க முக்கக் கருநீலம் வரை போகும். ஒரே தொட்டியில் பிறந்த துணிகளில் வெளுப்பும் கருமையும் இயல்பாகவே இருப்பதால், ஒரு துணிக்கட்டில் பல குவில்ட் தைக்க இதைப்போல வசதியான துணி எனக்கு வாய்த்ததில்லை. நம் திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகிறது என்பதால் இந்த நீலத்தோடு ஒரு ஒட்டுதலும் உண்டு.

வாங்க வேண்டியது:

- பன்னிரண்டு விதமான அச்சு, ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் (44 இஞ்ச் அகலம்)
- காடா துணி இரண்டே முக்கால் மீட்டர்
- மாம்பழ மஞ்சள் பிளெயின் காட்டன் அரை மீட்டர்
- கருநீலப் பிளெயின் காட்டன் அரை மீட்டர்
- அடித்துணிக்கு இரண்டு பழைய காட்டன் புடவை

பன்னிரண்டையும் உங்களுக்குப் பிடித்த அச்சாகவே எடுக்காதீர்கள். கடையில் நம் கை தானாக நடுத்தர நீலத்துக்குத்தான் போகும், ஏனென்றால் அதுதான் கண்ணுக்கு அழகு. வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் வெளிர்த் துணி நான்கு, நடுத்தரம் நான்கு, ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும் கருநீலம் நான்கு என்று எண்ணி எடுங்கள். பெரிய அச்சு, பொடி அச்சு, கோடு, புள்ளி எல்லாம் கலந்திருக்கட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரே வடிவமைப்பாளரின் துணித் தொகுப்பு, வெட்டிய கட்டாகவே கிடைக்கும். 5 இஞ்ச் சதுரக் கட்டு இரண்டாவது குவில்ட்டுக்கும், 2½ இஞ்ச் பட்டைச் சுருள் மூன்றாவதுக்கும் அப்படியே பொருந்தும். 10 இஞ்ச் சதுரமாக இருந்தால் நாலாக வெட்டினால் நாலு 5 இஞ்ச் சதுரம். முதல் குவில்ட்டுக்கு மட்டும் துணியாக வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிய கட்டுகளை நனைக்காமல் தைப்பதுதான் வழக்கம். நனைத்தால் ஓரம் பிரிந்து அளவு போய்விடும்.

நனைத்தல்: இதில் குறுக்குவழி கிடையாது

அவுரி, நூலுக்குள் முழுக்க இறங்காமல் கொஞ்சம் மேலேயும் ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம். அந்த மேல்சாயம் போகும்வரை கழுவ வேண்டும். உப்புப் போட்டால், வினிகர் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் இரண்டுமே சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. மிதமான சோப்பில் தனியாக, தண்ணீர் தெளியும்வரை கழுவுவது ஒன்றே வழி. கருநீலங்களை நான் நாலைந்து தடவை கழுவுவேன்.

கடைசியில் ஒரு சோதனை. வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்து விரலில் சுற்றி, ஈரத்துணிமேல் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் லேசான சாம்பல் நிழல் விழுந்தால் பரவாயில்லை. நீலமாக ஒட்டினால் மறுபடி வாளிக்குள் போட வேண்டியதுதான். காடாவின் பக்கத்தில் தைக்கப் போகும் துணி இது. ஒருமுறை இந்தச் சோதனையை விட்டுவிட்டுத் தைத்தேன். முதல் சலவையில் காடா முழுக்க நீலத் தண்ணீர் ஏறியது, பிறகு என்ன செய்தும் வெளுக்கவில்லை. மஞ்சளையும் கருநீலப் பிளெயினையும் இதே மாதிரி சோதியுங்கள். காடா சுருங்கும் துணி. அதைக் கொதிநீரில் ஊறவைத்துக் கஞ்சி போகக் கசக்கி உலர்த்துங்கள்.

காய்ந்ததும் இஸ்திரி போட்டு, கரையை வெட்டி, கோணலாக இருக்கும் முனையை நேர் நூல் பார்த்துச் சரிசெய்தால், அரை மீட்டர் துண்டு சுமார் 18½ × 42 இஞ்ச் தேறும். இனி எல்லாக் கணக்கும் இந்த அளவை வைத்துத்தான்.

கருமை வெளுப்பு வரிசை

பன்னிரண்டு துணியையும் தரையில் அடுக்கி, செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். நிறம் போனதும் உண்மை தெரியும். வெளிர் என்று நினைத்த துணி நடுத்தரமாக நிற்கும், கருமை என்று நினைத்தது வெள்ளைக் கோடு அதிகமானதால் வெளுத்துத் தெரியும். படத்தைப் பார்த்து மாற்றி மாற்றி அடுக்கி, மிகக் கருமையானதற்கு 1, மிக வெளிர்ந்ததற்கு 12 என்று எண் கொடுத்து, ஒரு சிறு துண்டுக் காகிதத்தில் எழுதி ஊக்கால் குத்திவையுங்கள். மூன்று குவில்ட்டுக்கும் இந்த எண்தான் வழித்துணை.

வெட்டும் வரிசை

ஒவ்வொரு துணியிலும், 42 இஞ்ச் அகலத்துக்குக் குறுக்காக, இந்த வரிசையில்தான் வெட்ட வேண்டும்:

- முதலில் 6½ இஞ்ச் உயரப் பட்டை ஒன்று. அதில் 6½ இஞ்ச் சதுரம் ஆறு.
- அடுத்து 5 இஞ்ச் உயரப் பட்டை ஒன்று. அதில் 5 இஞ்ச் சதுரம் எட்டு.
- கடைசியாக 2½ இஞ்ச் பட்டை இரண்டு. இவற்றைச் சதுரமாக்காமல் முழு நீளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பார்த்தால் 16½ இஞ்ச். மீதி 2 இஞ்ச், வெட்டும்போது நழுவினால் சரிசெய்ய. பெரியதை முதலில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. 6½ சதுரம் தவறிப்போனால் அதை 5 ஆக்கலாம், 5 தவறினால் 2½ ஆக்கலாம். தலைகீழாகப் போனால் வழியில்லை.

மொத்தம் கையில் இருப்பது 6½ சதுரம் 72, 5 இஞ்ச் சதுரம் 96, பட்டை 24. மூன்றையும் மூன்று டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் திறக்காதீர்கள். தைக்கும்போது ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடன் வாங்க ஆரம்பித்தால்தான் மூன்றும் ஒன்றுபோல ஆகும்.

ரோட்டரி கட்டரும் (உருட்டி வெட்டும் சக்கரக் கத்தி) அதற்கு அடியில் விரிக்கும் மேட்டும் இருந்தால் வேலை சீக்கிரம். இல்லையென்றால் அட்டையில் மூன்று அளவும் வெட்டிவைத்து, சாக்கால் வரைந்து, நல்ல கத்தரிக்கோலால் வெட்டுங்கள். நான் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் வெட்டினேன்.

எல்லா இணைப்பும் கால் இஞ்ச் தையல். மெஷினின் பாதத்துக்கு வலப்பக்கம், ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு பட்டை டேப் ஒட்டிவையுங்கள். துணி ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போக வேண்டும்.

முதல் குவில்ட்: இருட்டிலிருந்து விடியல் (48 × 54 இஞ்ச்)

பிளெயின் துணியே கிடையாது. அச்சு மட்டும், முழு அளவில். குறுக்கே 8, நெடுக்கே 9, ஆக 72 சதுரம்.

இடது மேல் மூலையில் 1-ஆம் எண் துணியைக் கோணலாக அடுக்க ஆரம்பியுங்கள். மூலையில் ஒன்று, அதற்கடுத்த கோணல் வரிசையில் இரண்டு, அடுத்ததில் மூன்று. ஆறு சதுரமும் சரியாகத் தீரும். பிறகு 2-ஆம் எண்ணின் ஆறு, 3-ஆம் எண்ணின் ஆறு என்று கோணல் வரிசைகளை நிரப்பிக்கொண்டே போங்கள். ஒரு வரிசை நடுவில் துணி மாறினால் மாறட்டும், அந்த மாற்றம்தான் நிழல் மெல்லக் கரைவது போல இருக்கும். வலது கீழ் மூலையில் 12-ஆம் எண்ணின் ஆறு சதுரமும் மூன்று, இரண்டு, ஒன்று என்று வந்து முடியும். இந்தக் கணக்கு அப்படியே வந்து விழுந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

தைப்பது கோணலாக அல்ல, நேர் வரிசையாகத்தான். அடுக்கியதைப் படம் எடுத்துவிட்டு, வரிசை வரிசையாக எடுத்துத் தையுங்கள். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள், இரண்டாவதை வலப்பக்கம். வரிசைகளை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது இரண்டு மடிப்பும் எதிரெதிராக வந்து கொக்கி போலப் பூட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் ஏறி நிற்கிறது, பள்ளம் தட்டினால் விலகியிருக்கிறது. விரலுக்கு ஒன்றுமே தட்டாமல் வழுவழுவென்று இருந்தால் நாலு முனையும் சேர்ந்துவிட்டது. அந்த இடத்தில் ஊக்குக் குத்தித் தையுங்கள்.

இரண்டாவது: காடா வெளியில் காத்தாடிகள் (56 × 72 இஞ்ச்)

ஒற்றைக் கட்டிலுக்கான அளவு, மூன்றில் எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். 5 இஞ்ச் டப்பாவைத் திறந்து, 1 முதல் 8 வரை எண்ணுள்ள கரும், நடுத்தரச் சதுரங்களை ஒரு பக்கமும் (64), 9 முதல் 12 வரை உள்ள வெளிர்ச் சதுரங்களை (32) இன்னொரு பக்கமும் வையுங்கள். வெளிர் அச்சைக் காடாவோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று மறைந்துபோகும். அதனால் வெளிர் அச்சும் காடாவின் கட்சிதான். காடாவில் 5 இஞ்ச் சதுரம் 32 வெட்டி வெளிர்ப் பக்கத்தோடு சேர்த்தால் அங்கும் 64 ஆகிவிடும். காடாவில் 8½ இஞ்ச் சதுரம் 31-ம் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டும் வரிசை இங்கேயும் அதேதான், 8½ முதலில்.

ஒரு காத்தாடிக்கு ஒரே கரு அச்சில் இரண்டு சதுரம், ஒரே வெளிரில் (அச்சோ காடாவோ) இரண்டு சதுரம்.

1. ஒரு கருமையையும் ஒரு வெளிரையும் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போடுங்கள்.
2. கோட்டின் இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்டுங்கள். பாதி நீலம் பாதி வெளுப்பாக இரண்டு சதுரம் கிடைக்கும்.
3. மடிப்பை நீலத்தின் பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டு, 4½ இஞ்சுக்கு ஓரம் சீவுங்கள். சீவும்போது குறுக்குத் தையல் சரியாக மூலையில் வந்து விழ வேண்டும்.
4. அடுத்த ஜோடியையும் அப்படியே செய்தால் நாலு சதுரம். நீல முக்கோணங்கள் ஒன்றையொன்று துரத்துவது போலச் சுற்றிவைத்துத் தைத்தால் 8½ இஞ்ச் காத்தாடி.

இஸ்திரிப் பெட்டியை இங்கே தேய்க்காதீர்கள். தூக்கித் தூக்கி அழுத்துங்கள். தையல் கிராஸில், அதாவது துணியின் நேர் நூலுக்குக் கோணலாக, ஓடுவதால் இழுத்தால் துணி நீண்டுவிடும்.

ஒவ்வொரு கரு அச்சிலும் எட்டுச் சதுரம் இருப்பதால் நாலு காத்தாடி வரும். இரண்டை வெளிர் அச்சோடும் இரண்டைக் காடாவோடும் தையுங்கள். மொத்தம் 32 காத்தாடி. குறுக்கே 7, நெடுக்கே 9 ஆக 63 கட்டம். காத்தாடி, காடா, காத்தாடி, காடா என்று மாற்றி மாற்றி அடுக்கினால் நாலு மூலையிலும் காத்தாடி வந்து, 32-ம் 31-ம் மிச்சமில்லாமல் தீரும்.

முதல் குவில்ட்டைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தால் அதே துணி என்று உடனே நம்புவதில்லை. காடாவின் வெற்றிடம்தான் அந்த வித்தையைச் செய்கிறது. அங்கே துணியாலேயே நிறைந்திருந்தது, இங்கே துணி மூச்சு விடுகிறது.

மூன்றாவது: மஞ்சள் வேலி (36 × 36 இஞ்ச்)

சீக்கிரம் முடிகிற வேலை, ஒரு நாள் போதும். 24 பட்டையில், எண்ணுக்கு ஒன்றாகப் பன்னிரண்டை எடுங்கள். மஞ்சளில் 2½ இஞ்ச் பட்டை ஆறு வெட்டுங்கள். கருமை ஒன்று, நடுவில் மஞ்சள், வெளிர் ஒன்று என்று மூன்று பட்டையை நீளவாக்கில் சேர்த்தால் 6½ இஞ்ச் உயரம் வரும். வராவிட்டால், எவ்வளவு வந்ததோ அதையே சதுரத்தின் அளவாக வைத்து வெட்டுங்கள், பிரித்துத் தைக்க வேண்டாம். மூன்று பட்டையையும் ஒரே திசையில் தைத்தால் வில்லாக வளையும். முதல் தையலை மேலிருந்தும் இரண்டாவதைக் கீழிருந்தும் ஓட்டுங்கள்.

இப்படிச் சேர்த்த ஆறு தொகுதிகளையும் அவற்றின் உயரத்துக்கே சதுரமாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் ஆறு சதுரம், மொத்தம் 36. ஒன்று நின்றவாக்கு, அடுத்தது படுத்தவாக்கு என்று 6 × 6 அடுக்கினால் மஞ்சள் படிக்கட்டு போல ஓடும். நீலம் இங்கே பின்னணி ஆகிவிடுகிறது. தரையில் குழந்தையைக் குப்புற விட விரிக்க அருமையான அளவு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது மேலே போர்த்த வேண்டாம்.

ஒரே துணியில் ஆளுக்கொரு முகம் வரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் பகுதிக் கறுப்பினப் பெண்கள். 1966-இல் அவர்கள் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் கடைகளுக்கு கார்டுராய் (வரிவரியான தடித்த துணி) தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போய், ஒன்றுபோல ஒன்று இல்லாத குவில்ட்டுகள் ஆயின. அவற்றின் படங்களைத் தேடிப் பாருங்கள். துணி வாங்கப் போகும் முன்னால் பார்த்தால் இன்னும் நல்லது.

நடுவும் அடியும்

நம் வெயிலுக்குப் பருமனான பாலியெஸ்டர் பஞ்சு வேண்டாம். ஏசி அறைக்கென்றால் மெல்லிய காட்டன் பஞ்சு, மற்றபடி ஒரு அடுக்கு காட்டன் பிளானல் போதும். பிளானலையும் நனைத்துச் சுருக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

அடித்துணிக்குப் பழைய காட்டன் புடவையை மிஞ்ச ஒன்றும் இல்லை. தூளி கட்டிய கைகளுக்கு அந்த மென்மை தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நைந்த இடம் இருந்தால் விட்டுவிடுங்கள். அடித்துணி எப்போதும் மேல்துணியைவிடச் சுற்றிலும் 2 இஞ்ச் கூடுதலாக இருக்க வேண்டும். ஐந்தரை மீட்டர் புடவை சுமார் 216 இஞ்ச். அதில் 76 இஞ்ச் நீளம் இரண்டு வெட்டி, பக்கவாட்டில் சேர்த்தால் காத்தாடிக் குவில்ட்டுக்கு அடித்துணி ஆயிற்று. மிஞ்சிய 64 இஞ்சில் வேலிக் குவில்ட்டுக்கான 40 இஞ்ச் சதுரம் கிடைத்துவிடும். இரண்டாவது புடவையில் 58 இஞ்ச் நீளம் இரண்டு வெட்டிச் சேர்த்தால் முதல் குவில்ட்டுக்கு.

அடித்துணியைத் தரையில் இழுத்து டேப்பால் ஒட்டி, மேலே பிளானல், அதன் மேலே மேல்துணி. நடுவிலிருந்து ஆரம்பித்து ஒரு கையகலத்துக்கு ஒரு ஊக்குக் குத்துங்கள். தைப்பதும் நடுவிலிருந்து வெளியேதான்.

தையலிலும் மூன்றையும் பிரித்துவிடலாம். முதல் குவில்ட்டுக்குக் குறுக்குவாட்டில் மெஷின் கோடுகள், தையல் நீளம் 3 மில்லிமீட்டர். வேலிக்கு மஞ்சள் பட்டையின் இரு ஓரத்திலும் ஒரு ஓட்டம் போதும். காத்தாடிக்கு மட்டும் கைத்தையல். காடாக் கட்டங்களில் கருநீல நூலால் வட்டத்துக்குள் வட்டமாக ஓட்டுத்தையல் போடுங்கள். சாயங்காலம் ஒரு கட்டம் என்று வைத்தால் ஒரு மாதத்தில் 31-ம் முடிந்துவிடும்.

ஓரப்பட்டி

மீதி இருக்கும் பன்னிரண்டு பட்டையில், மிகக் கருமையான ஆறு முதல் குவில்ட்டுக்கு. நாலு பட்டை வேலிக்கு. காத்தாடிக்குக் காடா ஓரம் போட்டால் பிடிக்கும் இடம் சீக்கிரம் அழுக்கேறும், அதனால் கருநீலப் பிளெயினில் 2½ இஞ்ச் பட்டை ஏழு வெட்டுங்கள். பட்டைகளைக் கோணலாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மேல்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஒளித்தையல் போடுங்கள். ஒரு மூலைக்கு வரும்போது கால் இஞ்ச் முன்பாகவே நிறுத்தி, பட்டையை மேலே மடக்கி, பிறகு கீழே இறக்கினால் மூலை கூர்மையாக நிற்கும்.

எல்லாம் முடிந்தும் கையில் இரண்டு பட்டையும், 6½ இஞ்ச் வரிசையின் முனையில் வெட்டி விழுந்த 3 × 6½ இஞ்ச் துண்டு பன்னிரண்டும் இருக்கும். துண்டுகளை ஆறு ஆறாகப் பக்கவாட்டில் தைத்து, இரண்டு வரிசையையும் சேர்த்தால் 15½ × 12½ இஞ்ச். நான் அதில் எண் வரிசைப்படி ஒரு சின்னத் தலையணை முகப்புத் தைத்தேன். அக்கா வந்தபோது அதைத்தான் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.